மாடி வீட்டு ஹனுக்காவும் அம்மாவோட அகல் விளக்கும்

இந்தப் பக்கம் வந்து ஒன்னேமுக்கால் வருஷம் ஆச்சு. வழக்கமா இவ்வளவு நாள் காணாம போனா "ஆபீஸ்ல ஆணி அதிகம்"னு ஒரு சாக்கு சொல்லிட்டு மொக்கையை ஆரம்பிச்சிடுவேன். இந்தத் தடவை அப்படி இல்லை. 2024 பங்குனியில் அம்மா தவறிட்டாங்க. அதுக்கப்புறம் பொட்டி முன்னாடி உட்கார்ந்தா ஆபீஸ் வேலை மட்டும் ஓடும், எழுத வராது. போன வாரம் ஒரு போட்டோ வந்துச்சு. அதைப் பார்த்ததும் இதை எழுதிடணும்னு தோணிச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, டீயோட உட்காருங்க.

அம்மா போன வருஷம் எங்க வீட்டுல பண்டிகை எதுவும் கிடையாது. உங்க வீடுகளிலும் அப்படித்தானே? ஒரு வருஷத்துக்கு புதுத்துணி இல்லை, பலகாரம் இல்லை, பட்டாசு இல்லை. பெரியவங்களுக்கு அது புரியுது. எல்.கே.ஜி. படிக்கிற பொண்ணுக்கு எப்படிச் சொல்றது? 2024 தீபாவளி அன்னிக்கு வாசப்படியில உட்கார்ந்து எதிர்வீட்டு சங்குசக்கரத்தைப் பார்த்துட்டே கேட்டா: "நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன்ப்பா தீபாவளி வரல?" நான் உள்ள போய் லேப்டாப்பைத் திறந்து வெச்சுக்கிட்டேன். பெரிய வீரன் நான்.

தீபாவளியை விட எங்க வீட்டுல பெரிசு கார்த்திகைதான். எங்க பூர்வீகம் பாகூர் பக்கம். அப்பா வருஷா வருஷம் அங்கிருந்து பனையோட ஆண் பூவை எடுத்துட்டு வந்து, மூட்டம் போட்டுக் கருக்கி, இடிச்சுத் தூளாக்கி, துணியில சுருட்டி, பிளந்த பனமட்டைக்கு நடுவுல வெச்சுக் கட்டி மாவலி செய்வார். நெருப்பு வெச்சுக் கயித்தைப் பிடிச்சுத் தலைக்கு மேல சுத்தினா பொறி பொறியா பூவா கொட்டும். பார்க்காதவங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அம்மா டிபார்ட்மெண்ட் பொரி உருண்டையும் அகல் விளக்கும். பழைய பிஸ்கட் டின் ஒண்ணுல வைக்கோல் போட்டு விளக்கை எல்லாம் அடுக்கிப் பரண்ல வெச்சிருப்பாங்க. 2024 கார்த்திகை தீபம் டிசம்பர் 13. அந்த டின் பரணை விட்டு இறங்கல. அப்பா வாசல்ல ஒத்த விளக்கு மட்டும் வெச்சிட்டு, ஏழரை மணிக்கே போய்ப் படுத்துட்டார்.

இப்ப மாடி வீட்டுக்கு வருவோம்.

நாங்க இருக்கிறது குருசுக்குப்பம். 2024 ஆகஸ்டுல மாடிக்கு ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வந்துச்சு. அந்த அம்மாவும் ரெண்டு பிள்ளைங்களும். பையனுக்கு ஏழு வயசு, சின்னது எங்க வாண்டு வயசு. ஒரு வருஷ வேலை, முடிஞ்சா பாரிஸ் திரும்பிடுவாங்க. புதுச்சேரியில வெள்ளைக்காரங்க குடி வர்றது ஒரு செய்தியே இல்லை, அப்பா "மதாம் வந்திருக்கு"ன்னு சொன்னதோட சரி. ஆனா அவங்க கதவு நிலையில வலது பக்கம் சாய்வா ஒரு சின்ன நீளக் குப்பி ஆணி அடிச்சு வெச்சிருந்தது. நான் ஏதோ வை-ஃபை சென்சார்னு நெனச்சேன். சாஃப்ட்வேர் காரன் புத்தி வேற எங்க போகும்? கேட்டா, அது மெசூசா. உள்ள தோல் சுருள்ல கையால எழுதின மறைவாக்கியம். யூதர் வீட்டு நிலைக்கு அடையாளம். அவங்க தாத்தா பாட்டி துனிசியாவுல இருந்து பிரான்சுக்குப் போனவங்களாம்.

"நம்ம ஊருக்கும் யூதர்களுக்கும் என்ன சம்பந்தம்"னு நானும் முதல்ல நெனச்சேன். அப்புறம்தான் உறைச்சது. ஆசிரமத்து அன்னை, 1878-ல் பாரிஸ்ல பிறந்த மிர்ரா அல்ஃபாசா, துருக்கியில் இருந்து வந்த யூத அப்பாவுக்கும் எகிப்துல இருந்து வந்த யூத அம்மாவுக்கும் பிறந்தவங்க. பள்ளிக்கூடத்துல இருந்து அவங்க படத்தைப் பார்த்துட்டு வர்றேன், இது தெரியாது.

மாடிக்கும் கீழுக்கும் நெருக்கம் வந்தது ஃபெஞ்சல் புயல் புண்ணியத்துல. 2024 நவம்பர் 30 ராத்திரி நம்ம ஊர்ப் பக்கத்துலயே கரையைக் கடந்ததே, அதே புயல்தான். எங்க கீழ் வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. ராத்திரி பதினொன்னு மணிக்கு அந்த அம்மா டார்ச்சோட இறங்கி வந்து எங்க நாலு பேரையும் மேல கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு நாள் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்துல அந்தப் பையன் ஒரு நாலு பக்கப் பம்பரத்தை எடுத்துட்டு வந்தான். பேரு ட்ரைடல். நாலு பக்கமும் நாலு எழுத்து. நூன் விழுந்தா ஒண்ணும் இல்லை, கீமல் விழுந்தா நடுவுல இருக்கிறது எல்லாம் உனக்கு, ஹே விழுந்தா பாதி, ஷின் விழுந்தா நீ ஒண்ணு கட்டணும். நம்ம தாயக்கட்டை மாதிரிதான். காசுக்குப் பதிலா புளியங்கொட்டை. அப்பாவும் உட்கார்ந்து ஆடினார். எட்டு மாசத்துக்கு அப்புறம் அவர் ஒரு விளையாட்டுல உட்கார்ந்ததை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

அந்த நாலு எழுத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்காம். "பெரிய அதிசயம் அங்கே நடந்தது"ங்கிற வாக்கியத்தோட முதல் எழுத்துகள். இஸ்ரேல்ல விக்கிற பம்பரத்துல மட்டும் கடைசி எழுத்து மாறும், "அங்கே" போய் "இங்கே" ஆயிடும். வாண்டு உடனே, "அப்ப நம்ம ஊர்ல எது போடணும்?"னு கேட்டா. "அங்கே"தான்னு அந்தப் பையன் சொன்னான். அவளுக்கு அது பிடிக்கல.

டிசம்பர் நடுவுல ஒரு நாள் அந்த அம்மா கீழ வந்தாங்க. ஹனுக்கா வருது, எட்டு நாள் விளக்குப் பண்டிகை, விளக்குத் தண்டைப் பாரிஸ்லயே விட்டுட்டு வந்துட்டோம், ஒரே அளவுல எட்டு சின்ன விளக்கு எங்க கிடைக்கும்னு கேட்டாங்க. நான் பெரிய மார்க்கெட்டுனு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள வாண்டு, "எங்க ஆயாவோடது நிறைய இருக்கு! பரண் மேல!"ன்னு கத்திட்டா.

வீடே அமைதி.

ராத்திரி தங்கமணி மெதுவா ஆரம்பிச்சாங்க. "துக்க வீட்டு விளக்கைப் பண்டிகை வீட்டுக்குக் குடுக்கலாமா? நாளைக்கு அவங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா?" நியாயமான கேள்வி. எனக்கு உள்ளுக்குள்ள வேற கேள்வி. அது அம்மா கை பட்ட டின். யாரும் தொடக் கூடாதுன்னு ஒரு பிடிவாதம். ஆனா புயல் ராத்திரி டார்ச்சோட இறங்கி வந்தவங்களுக்கு எப்படி இல்லைன்னு சொல்றது?

மறுநாள் மேல போய் எதையும் மறைக்காமச் சொன்னேன். அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகல, எங்க வழக்கம் இது, அந்த விளக்கு உங்களுக்கு ஆகுமான்னு. அவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவங்க வழக்கத்தைச் சொன்னாங்க. இறந்தவங்க வீட்டுல ஏழு நாள் தரையிலயோ தாழ்வான மணையிலயோ உட்காரணும். கண்ணாடியை எல்லாம் துணி போட்டு மூடிடுவாங்க. அப்பா அம்மான்னா ஒரு வருஷத்துக்குக் கொண்டாட்டம், விருந்து கிடையாது. மகன் 11 மாசம் தினமும் பிரார்த்தனை சொல்லணும். கிட்டத்தட்ட நம்ம கதைதான்! பஸ்கா மாதிரிப் பெரிய பண்டிகை நடுவுல வந்தா ஏழு நாள் துக்கம் அதோட முடிஞ்சிடும். ஹனுக்காவுக்கு அந்தச் சலுகை இல்லை. "ஆனா துக்கத்துல இருக்கறவங்களும் ஹனுக்கா விளக்கை ஏத்தணும். அதை மட்டும் விடக் கூடாது"ன்னாங்க.

கீழ வந்து அப்பாகிட்ட இதை அப்படியே சொன்னேன். பேப்பரை மடிச்சு வெச்சார். ஒண்ணும் சொல்லல. சரி, வேண்டாம்னு அர்த்தம்னு நெனச்சுட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டேன்.

காலையில எழுந்து பார்த்தா, கொல்லையில வாளி நிறைய தண்ணி, அதுக்குள்ள அம்மாவோட அகல் விளக்கு எல்லாம் முழுகிக் கிடக்கு. பக்கத்துல குத்துக்கால் போட்டு அப்பா. அவரைச் சுத்தி மூணு வாண்டுங்க. "மண் விளக்கை அப்படியே ஏத்தினா எண்ணெய் எல்லாம் அதுவே குடிச்சிடும். முன்னாடியே தண்ணியில ஊறப் போட்டுக் காய வெச்சுடணும். இது எங்க வீட்டு அம்மா சொல்லிக் குடுத்தது." அந்தப் பையனுக்குத் தமிழ் பாதிதான் புரியும். தலையைத் தலையை ஆட்டினான்.

அன்னிக்கு மத்தியானம் திண்ணையில ஒரு பட்டறையே நடந்துச்சு. அப்பா பஞ்சுல திரி திரிச்சுக் காட்டினார். சின்னதுங்க ரெண்டும் திரிச்சது கம்பளிப்பூச்சி மாதிரி வந்துச்சு. தங்கமணி கெட்டி அட்டையை வெட்டிப் பெட்டியா ஒட்டி, நடுவுல ஈர்க்குச்சி சொருகிப் பம்பரம் செஞ்சாங்க. நாலு பக்கத்துல எழுத்தைப் பையன் எழுதினான். வாண்டு தன்னோட பம்பரத்துல மட்டும் "அங்கே"வுக்குப் பதிலா "இங்கே" எழுத்தைப் போடச் சொல்லி அடம். இஸ்ரேல்காரங்க பம்பரம் ஆயிடும்னு பையன் சொல்லிப் பார்த்தான். முடியல. போட்டுக் குடுத்துட்டான்.

2024-ல் ஹனுக்கா முதல் விளக்கு டிசம்பர் 25 சாயங்காலம். கிறிஸ்துமஸ் அன்னிக்கே. தெருவுல வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்குது, எங்கேயோ மைக்ல பாட்டு. அந்த அம்மா கேட்டாங்க, "வாசல்ல வைக்கலாமா?" இதுல என்ன கேள்வின்னு நெனச்சேன். விளக்கை வெளிய தெரியற மாதிரி வெக்கிறதுதான் முறையாம், நாலு பேர் பார்க்கணும். ஆபத்து இருக்கிற காலத்துல வீட்டுக்குள்ள மேசை மேல வெச்சாப் போதும்னு பழைய நூல்லயே விதிவிலக்கு எழுதி வெச்சிருக்காங்களாம். "பாரிஸ்ல நாங்க மேசை மேலதான்"னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. அப்பா எழுந்து போய்த் திண்ணையை ஈரத்துணி போட்டுத் துடைச்சுக் குடுத்தார்.

கதைச் சுருக்கம் இதான். கி.மு. 164 வாக்குல, கிரேக்க ராஜா ஒருத்தன் தீட்டாக்கின எருசலேம் கோயிலை மக்கபேயர்கள் சண்டை போட்டு மீட்டாங்க. உள்ள போய்ப் பார்த்தா விளக்குக்கு ஒரு நாளுக்கான சுத்த எண்ணெய்தான் இருக்கு. அது எட்டு நாள் எரிஞ்சதா நம்பிக்கை. அதனால முதல் நாள் ஒண்ணு, ரெண்டாம் நாள் ரெண்டுன்னு எட்டு வரைக்கும். எட்டும் ஒரே மட்டத்துல வரிசையா இருக்கணும். ஒன்பதாவதா ஒரு வேலைக்கார விளக்கு, ஷமாஷ். மத்ததை ஏத்துறது அதை வெச்சுத்தான். ஹனுக்கா விளக்கு வெளிச்சத்துல எந்த வேலையும் செய்யக் கூடாது, சும்மா பார்க்கணும். ஷமாஷ் தனியாத் தெரியணும்கிறதால ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவுத்து அதுக்கு மேல வெச்சோம். ஆலிவ் எண்ணெய் ரொம்ப உசத்தியாம், நாங்க ஊத்தினது நல்லெண்ணெய். கணக்குப் போடாம இருக்க முடியுமா? எட்டு நாளுக்கு 36, ஷமாஷ் 8, ஆக மொத்தம் 44 தடவை திரி ஏத்தணும். கம்பளிப்பூச்சித் திரி எல்லாம் செலவாயிடுச்சு.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு மனசுல நின்னுடுச்சு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இதுக்கும் ஒரு பட்டிமன்றம் நடந்திருக்கு. ஷம்மாய் வழி வந்தவங்க, முதல் நாள் எட்டு ஏத்தி தினமும் ஒண்ணு குறைச்சுக்கிட்டே வரணும்னாங்க. ஹில்லேல் வழி வந்தவங்க, ஒண்ணுல ஆரம்பிச்சுக் கூட்டிக்கிட்டே போகணும், நல்ல காரியத்துல ஏறணுமே தவிர இறங்கக் கூடாதுன்னாங்க. ஜெயிச்சது ஹில்லேல் கட்சி. எங்க வீட்டுல அந்த வருஷம் பூரா ஷம்மாய் கணக்குதான் ஓடிட்டு இருந்தது. ஒவ்வொரு பண்டிகையா அணைச்சுக்கிட்டே வந்தோம். அது தப்புன்னு சொல்லல. ஆனா நாலு வயசுக் குழந்தைக்கும் சேர்த்து நாமதான் அணைச்சோம்.

டிசம்பர் 31, ஏழாம் விளக்கு. சென்னை, பெங்களூர் கூட்டம் மொத்தமும் பீச் ரோட்டுல. நாங்க திண்ணையில. அந்த அம்மா சுடச்சுட சுஃபின்ஜ் சுட்டுக் குடுத்தாங்க. வட ஆப்பிரிக்க யூதர்களோட ஹனுக்கா பலகாரம். மாவைக் கையில தட்டி நடுவுல ஓட்டை போட்டு எண்ணெய்ல விடுறாங்க. அசல் உளுந்து வடை! தின்னாத்தான் இனிப்பு வண்டி ஏறுது. மறுநாள் எட்டாம் விளக்கு. ஒன்பதும் எரியுது. ஒரு திரி சாஞ்சு புகைஞ்சது. அப்பா குனிஞ்சு ஈர்க்குச்சியால சரி பண்ணிட்டே வாண்டுகிட்ட சொன்னார்: "ஆயா இருந்திருந்தா இந்தத் திரியைப் பார்த்துட்டு என்னைத் திட்டியிருக்கும்." அம்மா போன பிறகு அவர் வாயால அம்மாவைப் பத்திச் சிரிச்சுப் பேசினது அதுதான் முதல் தடவை. நான் திரும்பிக் கடல் பக்கம் பார்த்துக்கிட்டேன்.

2025 மார்ச் கடைசியில அம்மாவுக்குத் தெவசம் முடிஞ்சது. ஏப்ரல் 12 ராத்திரி மாடியில பஸ்கா விருந்து. அதுக்கு எத்தனை நாள் வீட்டைக் கழுவினாங்க தெரியுமா? புளிச்ச மாவு ஒரு துளி இருக்கக் கூடாதாம். புளிக்காத ரொட்டி மாவுல தண்ணி பட்டதுல இருந்து 18 நிமிஷத்துக்குள்ள வெந்தாகணும். பாரிஸ்ல இருந்து வந்த பாக்கெட்தான் விருந்துக்கு. ஆனா முந்தின வாரமே எங்க சப்பாத்திக் கட்டையை வாங்கிட்டுப் போய், டைமர் வெச்சுப் பிள்ளைங்களுக்கு ஒரு போட்டி நடத்தினாங்க. வாண்டு செஞ்சது இலங்கை வரைபடம் மாதிரி வந்தது, ஆனா 11 நிமிஷம்!

விருந்துல முக்கியமான ஆளே வீட்டுல இருக்கிற சின்னக் குழந்தைதான். "இந்த ராத்திரி மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?"ன்னு அது கேட்கணும். அதுக்கப்புறம்தான் பெரியவங்க எகிப்துல அடிமையா இருந்து வெளிய வந்த கதையைச் சொல்வாங்க. தட்டுல கசப்புக் கீரையும் இருக்கும், பேரீச்சை, கொட்டை எல்லாம் அரைச்ச இனிப்பும் இருக்கும். ரெண்டு நாள் கழிச்சு ஏப்ரல் 14, எங்க வீட்டுல தமிழ்ப் புத்தாண்டு, வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடி. மேல ஒரு கிண்ணம் அனுப்பினோம். கசப்பு எதுக்குன்னு அவங்களுக்கு விளக்க வேண்டி இருக்கல.

மே லீவுல கொச்சிக்குப் போனோம். மட்டாஞ்சேரி பரதேசி சினகாக், 1568-ல் கட்டினது. தரையில சீனாவுல இருந்து வந்த நீல வெள்ளை ஓடு. 1950-கள்ல பெரும்பாலான குடும்பங்கள் இஸ்ரேலுக்குக் கிளம்பிட்டாங்க. அந்தத் தெருவுல கடை வெச்சு, தலைக்குல்லா, ரொட்டி மூடுற துணி எல்லாம் கையால பூவேலை செஞ்சு வித்துட்டு இருந்த சாரா கோஹன் 2019 ஆகஸ்ட் 30-ல் தன் 96-வது வயசுல இறந்தாங்க. கடைசி காலத்துல அவங்களையும் கடையையும் பார்த்துக்கிட்டவர் தாஹா இப்ராஹிம், ஒரு முஸ்லிம். பூஜைக்கு உண்டான எல்லாம் அந்தக் கோயில்ல இருக்கு. கேள்வி கேட்கிறதுக்குத்தான் குழந்தை இல்லை. வாண்டு அந்த ஓட்டு மேல ஒவ்வொண்ணா கால் வெச்சுத் தாண்டிட்டே வெளிய வந்து கேட்டா: "இங்க பம்பரம் யாருப்பா விடுவாங்க?" என்கிட்ட பதில் இல்லை.

அப்பதான் நெனச்சேன். பாகூர்ல மாவலி சுத்தத் தெரிஞ்சவங்க எங்க சொந்தத்துல எத்தனை பேரு? அப்பா ஒருத்தர். அவர்கிட்ட நான் கத்துக்கிட்டேனா? இல்லை. ஜாவா தெரியும், மாவலி தெரியாது.

ஜூலையில மாடி வீடு காலியாச்சு. அப்பா ஒன்பது அகல் விளக்கை வைக்கோல்ல சுத்தி, அதே மாதிரி ஒரு பிஸ்கட் டின்ல போட்டுக் குடுத்தார். அந்த எவர்சில்வர் டம்ளரையும் சேர்த்து. மிச்ச விளக்கு எங்ககிட்ட.

2025 டிசம்பர் 3 கார்த்திகை. அப்பாவும் நானும் முந்தின வாரமே பாகூர் போய்ப் பனம்பூ எடுத்துட்டு வந்தோம். நான் போட்ட முதல் மூட்டம் மொத்தமா சாம்பலாப் போச்சு. மண் போட்டு மூடறதுல லேட் பண்ணிட்டேனாம். ரெண்டாவது தேறிச்சு. நான் சுத்தினப்ப பொறி கொஞ்சமாத்தான் வந்தது, அதுவும் பாதி சட்டையில. ஆனா வந்தது. வாண்டு திண்ணையில விளக்கு அடுக்கிட்டு, ஒண்ணை மட்டும் டம்ளரைக் கவுத்து அதுக்கு மேல வெச்சா. "கார்த்திகைக்கு அது இல்லடி"ன்னு தங்கமணி சொன்னாங்க. "அப்ப மத்ததை எல்லாம் யாரு ஏத்துவா?"ன்னு கேட்டா. அப்பா "இருக்கட்டும் விடும்மா"ன்னுட்டார்.

ஹனுக்கா இந்தத் தடவை டிசம்பர் 14. அன்னிக்கு ராத்திரி வந்ததுதான் ஆரம்பத்துல சொன்ன போட்டோ. பாரிஸ் வீடு. ஒரு அகல் விளக்கு எரியுது, பக்கத்துல கவுத்த டம்ளர் மேல ஷமாஷ். மேசை மேலதான். அப்பா போனைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "வெளிய வெக்கலையா?"ன்னார். இல்லப்பான்னேன். கொஞ்சம் கழிச்சு எழுந்து போய் எங்க வாசல்ல ஒரு விளக்கு ஏத்தி வெச்சிட்டு வந்தார். மறுநாள் ரெண்டு. வாண்டு எண்ணிட்டு வர்றா.

உங்க வீட்டுல, ஊர்ல மாவலி இன்னும் சுத்துறாங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. மூட்டம் போடுற பக்குவம் தெரிஞ்சவங்க கண்டிப்பாச் சொல்லுங்க, அடுத்த வருஷம் உதவும் :-)

டிஸ்கி: சுஃபின்ஜ் எப்படின்னு கேட்கப் போறவங்களுக்கு. மைதா ரெண்டு டம்ளர், ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், சர்க்கரை, உப்பு கொஞ்சம். வெதுவெதுப்பான தண்ணி விட்டு, சப்பாத்தி மாவை விட நல்லா இளக்கமா, கையில ஒட்டுற பதத்துக்குப் பிசைஞ்சு ரெண்டு மணி நேரம் மூடி வைங்க. மாவு பொங்கினதும் கையில எண்ணெய் தொட்டு, உருண்டை எடுத்து ஓட்டை போட்டு, மிதமான தீயில பொரிச்சு, சூட்டோட சர்க்கரையில புரட்டுங்க. வெந்ததா இல்லையான்னு தெரியணும்னா முதல்ல ரங்கமணிக்குக் குடுத்துப் பாருங்க. எங்க வீட்டுல அப்படித்தான் செஞ்சாங்க.